மழையில் வந்து பாருங்கள்

குன்னூரில் நிலம் தேடி விஜயாவிடம் போகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, கால் அளவை. "ஏனுங்க, எட்டாம் நம்பர் சரியா இருக்குமுங்களா? விரல் இடிச்சா சொல்லுங்க, ஒம்பது எடுத்துத் தர்றேன்" என்பாள். காரை விட்டு இறங்கி, கூலிங் கிளாஸைக் கழற்றி, ஏக்கரும் சென்ட்டுமாகப் பேசத் தயாராக வந்தவர் திகைத்துப்போவார். அதற்குள் ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸ் அவர் காலடியில் வந்து நிற்கும்.

கடை தௌஹீத் பாயுடையது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஏறுகிற வழியில் ஸ்வெட்டர், குடை, ரெயின்கோட், கம்பூட்ஸ் விற்கிற கடை. அதன் முன்பாதியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் விஜயாவுடையவை. பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். இன்னார் அரசு ஆணையத்தில் ரியல் எஸ்டேட் முகவராகப் பதிவு செய்துகொண்டிருக்கிறார், பதிவு எண் இது, அலுவலக முகவரி இது என்று அதில் போட்டிருக்கும். ஊரில் அதை லைசென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

அவளுடைய தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று. நிலத்தை மழையில்தான் காட்டுவாள். மேற்கே நடுவட்டம், பிக்கட்டிப் பக்கத்து நிலமென்றால் ஆனி, ஆடி. கிழக்கே கோத்தகிரிப் பக்கமென்றால் ஐப்பசி, கார்த்திகை. மே மாதத்தில், மலர்க் கண்காட்சிக்கு வந்த கையோடு ஒரு சைட்டையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, போன் நம்பரை வாங்கிக்கொண்டு, "மழை பிடிச்சதும் கூப்பிடறேனுங்க" என்று அனுப்பிவிடுவாள். மற்ற தரகர்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. தீபாவளிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போகிற ஜவுளிக்காரரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், துடைப்பத்திலிருந்து வந்தது என்பாள். கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை பங்களாவில் அவள் காவலும் சமையலுமாக வேலை பார்த்தாள். சென்னைக்கார முதலாளி அந்த பங்களாவை ஒரு மே மாதத்தில் பார்த்து, மயங்கி, அந்த வாரமே கிரையம் செய்துகொண்டவர். மழை வந்ததும் சுவரில் பூஞ்சை, கூடத்தில் ஊற்று, படுக்கையறையில் அட்டைப்பூச்சி. முதலாளி சென்னையில் இருந்தபடி போனில் கத்துவார். இங்கே விஜயா கோணிச்சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுப்பாள். "மே மாசத்துல வாங்கறது அவுங்க, ஜூலையில தொடைக்கறது நானு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கும். எனக்கென்னவோ அந்தக் கோபம்தான் அவளுடைய முதல் முதலீடு என்று தோன்றுகிறது.

பங்களாவுக்கு வருகிற விருந்தாளிகள், "இங்க ஏதாவது எடம் கெடைக்குமாம்மா?" என்று கேட்பார்கள். முதலில் தெரிந்த தரகரிடம் அனுப்பினாள். பிறகு, தானே கூட்டிக்கொண்டு போனாள். அவள் புருஷன் சுரேந்திரன் வாடகை ஜீப் ஓட்டுகிறவன். காட்டுப் பாதை, எஸ்டேட் பாதை எல்லாம் அவனுக்கு அத்துபடி. இரண்டு பேருமாகச் சேர்ந்து நாலைந்து கிரையம் முடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தரகு பார்க்கிறவர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிற செய்தி பஜாருக்கு எட்டியது.

தரகர்கள் சிரித்தார்கள். ஜீப் ஓட்டத்தான் லைசென்ஸ், வாயை ஓட்ட எதற்கு லைசென்ஸ் என்றார் ஒருவர். விஜயா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தத் தாள் வேண்டும். தன் பேர் போட்ட தாள். நாலு பேருக்கு நடுவில் "யாரும்மா நீ?" என்று கேட்டால் எடுத்து நீட்டுகிற தாள்.

ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் வந்து அவள் கை நின்றுவிட்டது. அலுவலக முகவரி, அதற்கு ஆதாரம். விஜயாவுக்கு முகவரியே கிடையாது. அவளுடைய அம்மா தெய்வம்மா பத்து வயதில், கண்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டு, தகரப் பெட்டியோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். வந்ததிலிருந்து குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். விஜயாவும் சுரேந்திரனும் அவளோடுதான். குடியிருப்பு எஸ்டேட் லைனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் அறைகளில். இத்தனை வருடம் ஆகியும் தெய்வம்மா அதை லயம் என்றுதான் சொல்வாள், தங்களுடைய அறையைக் காம்பரா என்பாள். அந்தக் காம்பரா எஸ்டேட்டுடையது. கரண்ட் பில் எஸ்டேட் பேரில் வரும். கடிதம் வந்தால் எஸ்டேட் ஆபீசில் கிடக்கும். தெய்வம்மா வேலை பார்க்கிற வரைக்கும் குடும்பம் அங்கே இருக்கலாம், அவ்வளவுதான். ஊராருக்கு நிலம் காட்டப் புறப்பட்டவளுக்கு, இது என் இடம் என்று காட்ட ஒரு கதவு இல்லை.

பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு மூலை போதும், ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று கேட்டாள். தரகுக்காரிக்கு இடம் கொடுத்தால் தினம் பஞ்சாயத்து வரும் என்று கையை விரித்தார்கள். கடைசியில் தௌஹீத் பாயின் கடைக்கு வந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மழையிலதான் காட்டுவேன்னு சொல்றியேம்மா, வர்றவங்க எல்லாம் செருப்புல வருவாங்களே, அவங்களுக்கு என்ன செய்வே?"

விஜயா அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த கம்பூட்ஸைப் பார்த்தாள். பாயும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே முத்திரைத்தாள் வாங்கினார் பாய்.

அதற்குப் பிறகும் விண்ணப்பம் சும்மா போய்விடவில்லை. வருமானவரிக் கணக்கு எங்கே என்று கேட்டுத் திரும்பி வந்தது. தன்னுடைய வருமானத்துக்கு வரிக்கணக்கு வேறு உண்டா என்று விஜயா வாயைப் பிளந்தாள். பிறகு ஒரு ஆடிட்டரைப் பிடித்து, அவருடைய நக்கலை எல்லாம் வாங்கிக்கொண்டு, கணக்கைத் தாக்கல் செய்தாள். தாலியைத் தவிரக் கழுத்தில் இருந்த ஒரே நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள். சட்டத்தை ஒரு தமிழ்ப் புத்தகமாக வாங்கி, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து படித்தாள். ஆணையத்தில் பதிவாகாத லே-அவுட்டை முகவர் விற்கக் கூடாது, அதன் விளம்பரத்தில் தன் எண்ணைப் போடவும் கூடாது என்ற பகுதிக்கு வந்தபோது சுரேந்திரனைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினாள். அவன் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே, "சரி சரி" என்றான்.

சான்றிதழ் வந்த அன்று தெய்வம்மா லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. கண்ணாடிக்கு மேல் விரலை வைத்து, "இதுல எம் புள்ளட பேரு எது?" என்று கேட்டாள். காட்டினாள் விஜயா. "இதுக்குக் கீழ என்னா?" என்றாள். "அது அட்ரஸும்மா. இந்தக் கடை." தெய்வம்மா விரலை அந்த வரிக்கு இறக்கினாள். "நம்ம காம்பரா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாய் கொடுத்த டீயைக் குடிக்கப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி விஜயாவுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. அந்த ஐந்து வருடத்தில் அவள் பெரிய பணக்காரி ஆகிவிடவில்லை. ஆனால் பூட்ஸ் மாட்டி மழையில் நடந்து, வழுக்கி விழுந்து, அட்டை கடித்து, அதற்குப் பிறகும் பிடித்திருந்து வாங்கியவர்கள் யாரும் அவளைத் திட்டிப் போன் செய்ததில்லை. அவர்கள் தங்கள் மச்சானை அனுப்பினார்கள், சம்பந்தியை அனுப்பினார்கள். "விஜயா காட்டின எடமா?" என்று கேட்டுவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் பேர் வந்துவிட்டது. இப்படி ஒரு பேரை மலையில் சம்பாதிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வந்துவிட்டால் அதை வாடகைக்குக் கேட்டு ஆள் வருவதும் நிச்சயம்.

ஐந்தாவது வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், மனு போட்டிருந்தாள். தெய்வம்மாவுக்கு எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட். ஜூன் கடைசியில் காம்பரா சாவியை ஒப்படைக்க வேண்டும். தெய்வம்மா தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு சாமானை எடுத்துத் துடைத்துக் கட்டி வைத்தாள். சுவரோரத்தில் மூட்டைகள் கூடுவதை விஜயா தினமும் எண்ணினாள்.

அந்தச் சித்திரையில்தான் ரமேஷ்குமார் வந்தார். சமவெளியிலிருந்து வந்து லே-அவுட் போடுகிறவர். மரியாதையான ஆள், குரல் உயர்த்தாத ஆள். பிக்கட்டிக்குப் போகிற வழியில் ஒரு நிலம் வாங்கியிருந்தார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். விஜயா பார்த்ததும் நின்றுவிட்டாள். மலையில் அப்படி ஒரு சமதளமா! மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. இருபது சைட்டுக்கு வெள்ளைக்கல் நட்டிருந்தார்கள். சுற்றிலும் மலை காய்ந்து பழுப்பாக இருக்க, அங்கே மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. தான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிற நிலமென்றால் அந்தப் பச்சையை விஜயா கவனித்திருப்பாள். அன்றைக்கு அவள் பூட்ஸ் கூடப் போடவில்லை. செருப்பில் போயிருந்தாள்.

ரமேஷ்குமார் ரோட்டோரமாக, மேல் மூலையில் இருந்த கல்லைக் காட்டினார்.

"இந்தக் கார்னர் சைட் உங்களுக்குங்க, விஜயாம்மா. காசு வேண்டாம். கிரையச் செலவும் என்னுது."

"நான் என்னங்க செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். போர்டுல உங்க பேரும் லைசென்ஸ் நம்பரும் போட்டுக்கறேன். லே-அவுட் பதிவுக்குப் போட்டிருக்கு, வந்துடும். சீசனுக்குள்ள வித்து முடிச்சுடணும், அவ்வளவுதான்."

விஜயா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவள். சொல்லவில்லை. அதற்காக அவளை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு மனுஷிக்கு நாற்பது வயதில் முதல் தடவையாக, இது உன் இடம் என்று ஒருவர் காட்டினால் வாய் அவ்வளவு சீக்கிரம் எழும்புமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வெயில் சுளீரென்று அடித்தது. தெய்வம்மா மூலைச் சைட்டை மேலும் கீழும் நடந்து பார்த்தாள். அடுப்பங்கரை இந்தப் பக்கம், கோழிக்கூண்டு அந்தப் பக்கம், வாசலில் ஒரு பேரிக்காய் மரம் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். "தொங்க காம்பரா மாதிரி புள்ள. ஒரு பக்கம் யாரும் இல்ல, காத்து வரும்" என்றாள். லயத்தில் கடைசி அறைக்குத்தான் அப்படிப் பேர். ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்கிற அறை அது.

பிறகு வேலியோரத்தில் ஒரு குச்சியை ஒடித்து, தன் முந்தானையின் ஓரத்தைக் கிழித்து அதில் முடிந்து, மூலையில் நட்டாள். கொழுந்து பறிக்கும்போது தன் நிரையை, தனக்கென்று ஒதுக்கிய செடி வரிசையை, விட்டு நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால், திரும்பி வந்து சேர அப்படித்தான் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டுப் போவாள். இன்னொருத்தி அந்த நிரையில் கை வைக்க மாட்டாள். "நெரை புடிச்சாச்சு" என்றாள் தெய்வம்மா, சின்னப் பிள்ளை மாதிரி.

திரும்பும்போது விஜயா ஜீப்பின் முன்சீட்டில் அந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் ரமேஷ்குமாருக்குப் போன் செய்தாள். "ஏனுங்க, லே-அவுட் பதிவு வந்துடட்டும். ஆடி மழையில ஒரு தடவை நான் பாத்துடறேன். அதுக்கப்புறம் போர்டுல பேர் போடுங்க. எடம் அதுவரைக்கும் இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்." அவர், "அதனாலென்னங்க, பாத்துக்கலாம்" என்று சிரித்தபடி வைத்துவிட்டார்.

பத்து நாள் கூட ஆகியிருக்காது. திருப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மேடம், பிக்கட்டி ரோட்டுல உங்க போர்டு பாத்தோம். நீங்க காட்டற எடம்னா யோசிக்கவே வேண்டாம்னு எங்க சகலை சொன்னார். அட்வான்ஸ் யார்கிட்ட குடுக்கறது?"

விஜயா சுரேந்திரனை ஜீப்பை எடுக்கச் சொல்லிப் போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேலே போர்டு. அதில் அவள் பேர், பதிவு எண், பக்கத்தில், எங்கேயோ ஒரு கல்யாணத்தில் எடுத்த அவளுடைய போட்டோ. பட்டுப்புடவையும் பூவுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, முந்துபவர்களுக்கே முன்னுரிமை.

சுரேந்திரன் நல்லவன். ஆனால் மூட்டைகளை அவனும்தான் பார்க்கிறான். "இதப் பாரு விஜயா, போட்டது அவன். நீ போடச் சொல்லல. நாளைக்கு யாராச்சும் கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. எடமும் வந்துரும், லைசென்ஸும் நிக்கும். நம்பர்தானே, எழுதி வெச்சாத் தேஞ்சா போயிரும்?"

"தேயுமுங்க" என்றாள் விஜயா. அழுகை வந்தது. ரோட்டிலேயே நின்று அழுதாள். இந்த எண்ணுக்காகப் பட்ட பாடெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திருப்பூர்க்காரர் நிலத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்கிறார். நாளைக்கு இங்கே ஒரு வீட்டில் ஊற்று வந்தால், சாக்கைப் போட்டு ஒற்ற இன்னொருத்தி வருவாள். அவள் யாரைத் திட்டுவாள்?

அன்றைக்கே, தன் சம்மதம் இல்லாமல் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று ஆணையத்துக்கு போட்டோவோடு புகார் அனுப்பினாள். ரமேஷ்குமாருக்கும் நோட்டீஸ் விட்டாள். விசாரித்து முடிக்க நாளாகும். சீசனோ வாசலில் நிற்கிறது. தரகர்களில் ஒருவர், ராத்திரியோடு ராத்திரியாக போர்டைப் பிடுங்கிப் போடேன் என்றார். விஜயா அதைச் செய்யவில்லை. அவள் செய்தது அவளுக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

மே முதல் சனிக்கிழமை காலை, பாய் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய கறுப்புக் குடை, ஒரு சாக்கு நிறையக் கம்பூட்ஸ் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ரோட்டோரத்தில், அந்த போர்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலே பட்டுப்புடவையில் ஒரு விஜயா, கீழே ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு விஜயா. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

கார்கள் வந்தன. இறங்கியவர்கள் போர்டைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

"மேடம், நீங்கதானே இது?"

"நானேதானுங்க. எடம் நல்லதுன்னும் சொல்லலீங்க, கெட்டதுன்னும் சொல்லலீங்க. லே-அவுட் பதிவு இன்னும் வரலீங்க. நான் இன்னும் மழையில பாக்கலீங்க. ஜூலையில வாங்க, உங்களுக்கு எத்தனாம் நம்பர் பூட்ஸுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர், வேலை மெனக்கெட்டு வந்ததற்கு இதுவா என்று எரிந்து விழுந்தார்கள். ஒருவர் அவள் காதுபடவே பைத்தியம் என்றார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மட்டும் அவளோடு குடைக்குள் வந்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, ஏழாம் நம்பர் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்த திருப்பூர்க்காரரின் மனைவி அவள்.

இரண்டாம் நாள் ரமேஷ்குமார் வந்தார். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "இது என் எடம். எந்திரிங்க முதல்ல!"

விஜயா எழுந்திருக்கவில்லை. "எடம் உங்களுதுங்க. நான் உக்காந்திருக்கிறது ரோட்டோரமுங்க. போர்டுல இருக்கிறது நானுங்க. என்னை நம்பி வாங்கன்னு ஊரையே கூப்பிட்டுட்டீங்க. வர்றவங்களுக்கு நான் இருக்க வேண்டாமுங்களா?"

ரமேஷ்குமார் போனைக் கையில் எடுத்தார். போலீசைக் கூப்பிடலாம் என்றால், பதிவாகாத லே-அவுட்டுக்கு எழுதி வைத்திருக்கிற போர்டு அவர் தலைக்கு மேலேயே நிற்கிறது. "அந்தக் கார்னர் சைட்டை மறந்துருங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. விஜயா தலையை ஆட்டினாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் சுருங்கியதை சுரேந்திரன் பார்த்தான்.  மறுநாள் தனக்கும் ஒரு ஸ்டூல் எடுத்து வந்தான்.

மலர்க் கண்காட்சி வந்தது, குன்னூரில் பழக் கண்காட்சியும் வந்தது. அந்த வருடம் கோடை மழை கூட ஏமாற்றிவிட்டது. கொளுத்துகிற வெயிலில் மழைக்கான பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்க்கவே அந்த ரோட்டில் போகிற மஞ்சூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குப் போட்டி. டிரைவர் அவளைத் தாண்டும்போது வைப்பரைப் போட்டுக் காட்டிவிட்டுப் போவார். விஜயாவும் சிரித்துக் குடையை ஆட்டுவாள். முகம் கறுத்துத் தோல் உரிந்தது. ஒரு நாளும் எழுந்து போகவில்லை.

கடைசியில், சீசன் முடிகிற தறுவாயில், ரமேஷ்குமார் தானே ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்து ஏணி வைத்து ஏறி, அவள் பேரையும் எண்ணையும் வெள்ளையடித்து மறைத்தார். போட்டோவைக் கிழித்தார். விஜயா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வழுக்கி விழுந்துவிடப் போகிறார் என்று அவளுக்குப் பயம். முடிந்ததும் ஸ்டூலைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு பேரும், "பூட்ஸ்காரம்மா எங்கே?" என்று கேட்டார்களாம். ஒரு சைட் கூட விலைபோகவில்லை.

ஜூன் கடைசியில் தெய்வம்மா காம்பராவைக் கழுவிவிட்டு, வாசலில் கோலம் போட்டு, சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுத்தாள். பாய் கடைக்கு மேலே சரக்குப் போட்டு வைக்கிற இரண்டு அறையைக் காலி செய்து வாடகைக்குக் கொடுத்திருந்தார். எப்போது பார்த்தாலும் ரப்பர் நாற்றம். மரப்படியில் ஏற தெய்வம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "ஏலாது புள்ள, மெதுவா வாறேன்" என்று பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அப்போதெல்லாம் விஜயா வேறு பக்கம் பார்ப்பாள். அவள் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு படியும் அவளைக் குத்தியது.

லைசென்ஸ் புதுப்பித்து வந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே ஆணியில் மாட்டினாள்.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, நனைந்த காரிலிருந்து திருப்பூர்க்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். "ஏழாம் நம்பர்" என்றாள் அந்தப் பெண். "எடம் வாங்கறது அப்புறம். நீங்க எங்களை வாங்க விடாம நிறுத்தி வெச்ச அந்த எடத்தை முதல்ல பாக்கணும்." தெய்வம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள், நானும் வருகிறேன் என்று.

ஜீப் வளைவைத் திரும்பியதும் சுரேந்திரன் பிரேக்கை மிதித்தான். மைதானத்தைக் காணவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தண்ணீர், மழைத்துளி விழுந்து கொதிக்கிற மாதிரி இருந்தது. நடுவில் நட்டிருந்த வெள்ளைக்கற்களின் உச்சி மட்டும் வரிசையாகத் தெரிந்தது. திருப்பூர்க்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெய்வம்மா குடையோடு மேல் மூலைக்கு ஏறினாள். விஜயா பின்னாலேயே போனாள். வரும் வழியெல்லாம் அவள் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டு வந்தாள். அந்த மூலையும் முழுகிப் போயிருக்க வேண்டும். முழுகியிருந்தால் மனசு ஆறிவிடும்.

முழுகியிருக்கவில்லை. மூலைச் சைட் மட்டும் மேடாக, கெட்டியாக, தண்ணீர் தேங்காமல் நின்றது. தெய்வம்மா நட்ட குச்சி நட்டபடி இருந்தது. அதில் முடிந்த சேலைக்கிழிசல் நனைந்து ஒட்டிக் கிடந்தது. இருபதில் எது நனையும், எது நனையாது என்று ரமேஷ்குமாருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"நம்ம எடம் மட்டும் நல்லா இருக்கே புள்ள" என்றாள் தெய்வம்மா.

"ஆமாம்மா. எனக்கு நல்லதாத்தான் பாத்துக் குடுத்திருக்கான்." விஜயா குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். "கோவமாம்மா உனக்கு?"

தெய்வம்மா அடுப்பங்கரை என்று சொன்ன இடத்தில் போய் நின்றாள். பிறகு, கீழே தண்ணீருக்குள் தலை தூக்கி நிற்கிற கற்களைப் பார்த்தாள்.

"இங்கன குடியிருந்தா, தெனம் கதவத் தொறந்ததும் கீழ வாங்கினவங்க மொகத்திலதானே முழிக்கணும்" என்றாள். குனிந்து குச்சியைப் பிடுங்கினாள். கிழிசலை அவிழ்த்துப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குச்சியை ஊன்றி, வழுக்காமல், ஒவ்வொரு அடியாக இறங்கினாள்.

கீழே அந்தப் பெண் கை கொடுத்தாள். "பாத்து வாங்கம்மா. உங்க வீடு எங்கங்க, தூரமா?"

"குன்னூரு பஜாருல, பூட்ஸ் கடைக்கு மேல" என்றாள் தெய்வம்மா. "கடைக்குள்ள வந்து செவுத்தப் பாருங்க. எம் புள்ளட பேரு இருக்கும். அதுக்குக் கீழ இருக்குறதுதான் எங்க அட்ரஸு."